மூன்றாம் படிக்குள் ரிசீவர்

லேக் மார்க்கெட், கல்கத்தா
27.7.2003

அன்புள்ள அனந்து மாமாவுக்கு,

அக்ஷராவின் நமஸ்காரம். நான், அம்மா, அப்பா மூவரும் சௌக்கியம். கீழ்வீட்டு முகர்ஜி மேஷோ (வங்காளத்துச் சித்தப்பா) மட்டும் சௌக்கியமில்லை. காரணம் நாங்கள். அந்தமானில் நீயும், உன் கலங்கரை விளக்கமும், அதைச் சுற்றிப் பார்க்க வரும் நண்டுகளும் நலமா?

ஒரு தொழில்நுட்பச் சந்தேகம். நீ பழைய ரேடியோ மெக்கானிக், அதனால் உன்னைக் கேட்கிறேன். எங்கள் டிவி சத்தம் இப்போது தெருமுனை ரோல் கடை வரைக்கும் போகிறது. ரோல் கடைக்காரர் தமிழ்ச் செய்தியைத் தலைப்போடு ஒப்பிக்கிறார். மேஷோ கீழேயிருந்து குடைக்கம்பால் கூரையைத் தட்டுகிறார். அம்மா, "யாரோ கதவைத் தட்டறா"ன்னு போய்த் திறக்கிறாள். அப்பா ஒன்றும் கேட்காதவர் மாதிரி நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இன்னும் ஒரு ஜாண் நகர்த்துகிறார். இந்த வேகத்தில் போனால் தீபாவளிக்குள் டிவிக்கு உள்ளேயே போய்விடுவார்.

இன்னொன்று. நகைச்சுவை வந்தால் அப்பா எங்கள் முகத்தைப் பார்க்கிறார். நாங்கள் சிரித்தால் அதற்கப்புறம் சிரிக்கிறார். நான் ஒரு நாள் ஜோக்கே இல்லாத இடத்தில் சிரித்துப் பார்த்தேன். அவரும் சிரித்தார். மாமா, அதற்கப்புறம் நான் அந்த விளையாட்டு விளையாடவில்லை.

சிநேகிதி வீட்டில் ஹோம் தியேட்டர் பார்த்தேன். ரிசீவர் என்று ஒரு கறுப்புப் பெட்டி, அதைச் சுற்றி ஐந்து ஸ்பீக்கர். நடு ஸ்பீக்கரில் பேச்சு மட்டும் தனியாக, பக்கத்தில் உட்கார்ந்து சொல்வது போல் வந்தது. அந்த மாதிரி ஒன்று மலிவாகக் கிடைக்குமா? நம் வீட்டில் பட்ஜெட் போடுவது உன் அக்கா பட்டு. ஆகவே அதன் பெயர் பட்டுஜெட். பட்டுஜெட்டில் இதற்கெல்லாம் இடம் கிடையாது. என் பிறந்தநாள் காசெல்லாம் சேர்த்தால் இரண்டாயிரம் இருக்கிறது.

அம்மாவிடம் சொல்லக் கூடாது. அம்மா இப்போது அப்பாவிடம் ரகசியம் சொன்னால் மூன்றாம் மாடிக்குத் தெரிகிறது.

நண்டுகளை விசாரித்ததாகச் சொல்லவும்.
அக்ஷரா

பி.கு: இது சினிமா பார்க்கத்தான். வேறெதற்கும் இல்லை.

*

டிக்லிபூர் வழி, வடக்கு அந்தமான்
12.8.2003

சி. அக்ஷராவுக்கு அனந்து மாமாவின் ஆசீர்வாதம்.

நான் சௌக்கியம். விளக்கு சௌக்கியம். நண்டுகளிடம் சொன்னேன். பக்கவாட்டில் தலையாட்டின.

புதுப்பெட்டி நம் காசுக்கு வராது. பழசு வாங்கு, பயமில்லை. முன்பக்கத்தில் ஒட்டியிருக்கும் வாட்ஸ் கணக்கை நம்பாதே. அதை ஒட்டுகிறவனுக்கு ஸ்டிக்கர்தான் செலவு. தூக்கிப் பார், நல்ல ரிசீவர் கனமாக இருக்கும். மேலே இருக்கிற காற்றுத் துளையில் மூக்கை வைத்து மோந்து பார், கருகின வாசனை அடித்தால் நடையைக் கட்டு. ஒவ்வொரு குமிழையும் திருகு, கரகரத்தால் விலையைக் குறைக்கச் சொல். பின்னால் நம்ம ஊர் மின்சாரத்துக்கு ஆகுமா என்று எழுதியிருக்கும். ஜப்பானுக்கு மட்டும் செய்தது என்றால் நம் பிளக்கில் செருகின நிமிஷமே வாணவேடிக்கை. நடு ஸ்பீக்கரின் சத்தத்தைத் தனியாகக் கூட்டும் வசதி முக்கியம். அது இருந்தால் பேச்சு ஓங்கும், மற்றதெல்லாம் அடங்கும். முகர்ஜி குடையை மழைக்கு மட்டும் எடுக்கலாம்.

நாலாயிரம் மணியார்டர் செய்திருக்கிறேன். தபால்காரர் வரும்போது நீ வாசலில் இரு. எல்லாம் சேர்த்து ஆறாயிரம். அதற்கு மேல் போகாதே.

நானும் ஒன்று கேட்கிறேன். போன ஞாயிறு படகில் ஊருக்குள் போய் பூத்திலிருந்து பேசினேன். அத்திம்பேர்தான் எடுத்தார். "சௌக்கியம் சௌக்கியம், இரு, பட்டு வரா." அவ்வளவுதான். இரண்டு வருஷமாக இதே. அன்றைக்கு அத்தனை விருந்தாளிகள் முன்னால் "காதை ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டுங்கோ அத்திம்பேர்" என்று நான் சொல்லியிருக்கக் கூடாது. இலையிலிருந்து பாதியில் எழுந்து போனவர் இன்னும் உட்காரவில்லை போலிருக்கிறது. கோபம் தீரவில்லையா? இந்த வருஷமும் லீவுக்கு அங்கே வரலாமா வேண்டாமா? நீயாவது சொல்லு.

பரீட்சைக்கும் கொஞ்சம் படி.
அனந்து மாமா

*

கல்கத்தா
24.8.2003

அன்புள்ள மாமா,

நமஸ்காரம். அனைவரும் க்ஷேமம். மணியார்டரும் க்ஷேமமாக என் ஜியோமெட்ரி பாக்ஸுக்கு வந்து சேர்ந்தது.

இங்கே இருக்கிற சாந்தினி சௌக் ரேடியோ பஜாருக்குப் போனேன். தனியாக இல்லை, முகர்ஜி மேஷோவோடு! அவர் படியில் வழிமறித்து, என் பெயரை வங்காளத்தில் உருட்டி, "ஒக்கோரா, உங்க டிவியை எனக்கே வித்துடு, நான் ஹூக்ளியில போடறேன்" என்றார். நான் விஷயத்தைச் சொன்னேன். "அப்ப அந்த மெஷின் வந்தா சத்தம் குறையுமா? இரு மா, செருப்பு மாட்டிண்டு வரேன்!" என்று அந்தக் குடையோடு கிளம்பிவிட்டார். (மேஷோ பேசியதெல்லாம் வங்காளம். உனக்காக நான் தமிழ்ப் புடைவை கட்டிவிட்டிருக்கிறேன்.)

முதல் கடையில் கண்ணைப் பறிக்கும் நீல விளக்கோடு ஒன்று. "ஆயிரம் வாட்ஸ்!" என்றான். தூக்கினேன். ஒரு விரலில் வந்தது. "அண்ணா, வாட் இருக்கு, வெயிட் எங்கே?" என்றேன். இரண்டாவது கடையில் நான் துளையில் மூக்கை வைத்ததும் கடைக்காரர், "என்ன பண்றே?" என்று அலறினார். மேஷோ அமைதியாக, "பொண்ணு மீன் வாங்கிப் பழகினவ. செவுள் பார்க்காம வாங்க மாட்டா" என்றார். தமிழ்ப் பிராமணப் பெண் மேல் போட்ட அபாண்டம்! ஆனால் மாமா, அது நிஜமாகவே கருகின மீன்தான். நடையைக் கட்டினோம்.

மூன்றாவது, மாடிப்படிக்கு அடியில் பிமல்தா கடை. அங்கே ஒரு கறுப்புப் பெட்டி. என்னால் தனியாகத் தூக்க முடியவில்லை. வாசனை இல்லை. விலை ஏழரையாயிரம். மேஷோ, "அவசரப்படாதே, துர்கா பூஜோ நெருங்கட்டும், விலைக்குக் கொழுப்பு இறங்கும்" என்று இழுத்து வந்துவிட்டார்.

நீ கேட்ட இன்னொரு கேள்வி. இதற்கு நாலு வரி எழுதி நாலையும் அடித்துவிட்டேன், மேலே பார். (பார்த்தாலும் தெரியாது, நன்றாகத்தான் அடித்திருக்கிறேன்.) இதை மட்டும் சொல்கிறேன். அப்பா யார் போன் வந்தாலும் அப்படித்தான். சென்னைச் சித்தப்பாவுக்கும், "சௌக்கியம் சௌக்கியம், இரு, பட்டு வரா." ஆபீஸ் டைரக்டருக்கும் அதே. போன வாரம் ஒரு ராங் நம்பர். அவருக்கும் அதே! அந்த மனுஷர் பாவம், அம்மாவிடம் பத்து நிமிஷம் வெண்டைக்காய் விலை பேசிவிட்டு வைத்தார்.

அவ்வளவுதான் எழுதுவேன். மிச்சத்தை நீ மோந்து பார்.

அக்ஷரா

*

டிக்லிபூர் வழி
4.9.2003

சி. அக்ஷராவுக்கு,

ஆசீர்வாதம். உடம்புக்கு ஒன்றுமில்லை.

ராங் நம்பர் கதையைச் சிரித்துக்கொண்டே படித்தேன். அப்புறம் ஒரு தடவை சிரிக்காமல் படித்தேன்.

இரண்டு வருஷமாக நான் கோபம் என்று நினைத்துக்கொண்டு, போனில் எவ்வளவு மெதுவாக, பணிவாகப் பேசினேன் தெரியுமா? அந்த மெதுவில் அவருக்கு ஒரு எழுத்துக்கூடக் கேட்டிருக்காது.

பிமல்தாவிடம் போ. நடு ஸ்பீக்கர் இல்லாமல் வராதே. பிடிக்கவில்லையென்றால் திருப்பித் தரலாம் என்று வாய்மொழியாகவாவது வாங்கிக்கொள். வாங்கினதும் ஒரு மணி நேரமாவது ஓட்டிச் சோதித்துவிடு. அத்திம்பேருக்கு அது பிடித்தால், அப்புறம் டாக்டர் பேச்சை அவரே எடுக்கட்டும். நான் எடுத்த அழகைத்தான் பார்த்தோமே.

கடல் கொந்தளிப்பு ஆரம்பித்துவிட்டது. படகு வரும் நாள் நிச்சயமில்லை. என் பதில் தாமதமானால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே.

அனந்து மாமா

*

கல்கத்தா
14.9.2003

அன்புள்ள மாமா,

நமஸ்காரம்! க்ஷேமம், க்ஷேமம், பரம க்ஷேமம்! உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. சனிக்கிழமை வாங்கிவிட்டேன்!

மேஷோ பேரம் பேசின விதத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பேரமே பேசவில்லை. பிமல்தா கடையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, டீ சொல்லி, இந்த வருஷம் இலிஷ் மீன் ஏன் ருசியில்லை என்று ஆரம்பித்தார். வேறு வாடிக்கையாளர் யாராவது உள்ளே தலையை நீட்டினால் அவரையும் மீனில் இழுத்துவிட்டார். ஒரு வியாபாரம் நடக்கவில்லை. கடைசியில் பிமல்தா கையெடுத்துக் கும்பிட்டு, "ஆறாயிரம், நடு ஸ்பீக்கர் இலவசம், தயவுசெஞ்சு எழுந்திருங்கோ தாதா" என்றார்.

ஒரு நிபந்தனை. ஷஷ்டிக்குள், அதாவது அக்டோபர் ஒன்றாம் தேதிக்குள், கோளாறு என்று கொண்டுவந்தால் மாற்றித் தருவார். அன்று சாயங்காலம் கடையைப் பூட்டி ஊருக்குப் போகிறார். அதற்கப்புறம் வந்தால் டீ மட்டும்தான்.

பெட்டி இப்போது என் கட்டிலுக்கடியில். அட்டைப் பெட்டிக்கு மேல் பெரிய எழுத்தில் "பழைய பாடப் புத்தகங்கள்" என்று எழுதிவிட்டேன். என் புத்தகத்தை நானே தொடமாட்டேன், வேறு யார் தொடப்போகிறார்கள்? விஜயதசமியன்று காலையில் அப்பா முன்னால் திறந்து காட்டுவேன்.

சோதனைக்கும் திட்டம் தயார். வெளியே எடுத்தால் மாட்டிக்கொள்வேன். அதனால் அட்டைப் பெட்டியின் பின்பக்கம் மட்டும் கிழித்து, ஒயரை விட்டு, பெட்டிக்குள் வைத்தபடியே ஓட்டப்போகிறேன். எப்படி என் மூளை?

அக்ஷரா

*

கல்கத்தா
26.9.2003

அன்புள்ள மாமா,

நமஸ்காரம். எல்லாரும் சௌக்கியம். எனக்கு மட்டும் கிரகம் சரியில்லை.

அம்மா வீட்டை விட்டு வெளியே போகவே இல்லை, அதனால் சோதனை நடக்கவில்லை. நேற்று அமாவாசை. நான் டியூஷன் போய்த் திரும்பும்போது கூடத்தில் கொலு வைத்தாகிவிட்டது. அம்மா பெருமை பொங்க நிற்கிறாள்.

"பார்த்தியா? போன வருஷம் மூணு படி. இந்த வருஷம் அஞ்சு! நடுப்படிக்கு மட்டும் தோதா ஒண்ணும் கிடைக்கலை. டிரங்குப் பெட்டி ஆடறது. உன் கட்டிலுக்கடியில பார்த்தேன், நல்ல கனமா, கல்லு மாதிரி! புஸ்தகம் வேற. சரஸ்வதிக்கு இதைவிட என்ன வேணும்?"

மாமா, மூன்றாம் படி. வெள்ளை வேஷ்டி மூடி, அதற்கு மேல் செட்டியார், செட்டிச்சி, பருப்பு, அரிசி, கல்யாண கோஷ்டி, நாதஸ்வரம். அதற்கடியில் நம் ஆறாயிரம் ரூபாய். அம்மா எப்போதும் "படி, படி" என்பாள். என் புத்தகப் பெட்டி படியாகவே போய்விட்டது!

"அம்மா, அதுல ஒரு முக்கியமான புஸ்தகம் இருக்கு, எடுக்கணும்" என்றேன்.

"பத்து வருஷமா படிக்காதவளுக்கு இன்னிக்குத்தான் ஞானம் பொறந்ததா? வெச்ச கொலுவை விஜயதசமி முடியாம அசைக்கப்படாது. வாயைக் கழுவு."

விஜயதசமி ஐந்தாம் தேதி. பிமல்தா கடை பூட்டுவது ஒன்றாம் தேதி. சோதிக்காமலேயே கெடு தாண்டிவிட்டால், ஓடாத பெட்டியாக இருந்தாலும் அது எங்களுக்குத்தான். அப்பாவுக்கு வேறு ஒன்று வாங்க என்னிடம் இனி ஜியோமெட்ரி பாக்ஸ் மட்டும்தான் இருக்கிறது.

ஆனால் கவனித்தேன். ஜன்னல் திறக்க வேண்டுமென்று அம்மா கொலுவுக்குப் பின்னால் ஒரு ஆள் நுழையும் சந்து விட்டிருக்கிறாள். கொலுவை அசைக்கக் கூடாதுதான். அசையாத கொலு பேசக் கூடாதென்று எந்த சாஸ்திரத்திலும் இல்லையே?

மேஷோ பழைய டேப் ரெக்கார்டர் தருகிறார். செவ்வாய்க்கிழமை மாமிகள் எல்லாரும் வெற்றிலை பாக்குக்கு வருவார்கள்.

உன் பதில் வரவில்லை. கடலைத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.
அக்ஷரா

*

தந்தி
போர்ட் பிளேர், 30.9.2003

அக்ஷராவுக்கு. பதினான்காம் தேதிக் கடிதம் இன்றுதான் வந்தது. பெட்டிக்குள் வைத்து ஓட்டாதே. காற்று வேண்டும். சூடேறினால் தானே அணைந்துவிடும். அது கோளாறு அல்ல, நல்ல பெட்டிக்கு அடையாளம். ஆறவிடு. மாமா.

*

கல்கத்தா
2.10.2003, சப்தமி

அன்புள்ள மாமா,

சாஷ்டாங்க நமஸ்காரம். தெருவில் டாக் மேளம் அடிக்கிறான், பந்தலில் மைக் அலறுகிறது, எங்கள் வீட்டில் எல்லாரும் அமோகம். வரிசையாகச் சொல்கிறேன், ஓடாதே.

செவ்வாய் சாயங்காலம். கூடத்தில் நாகலட்சுமி மாமி, மேஷோவின் மனைவி மாஷிமா, இன்னும் ஏழெட்டுப் பேர். அப்பா வழக்கம்போல் மூலை நாற்காலியில். இப்போதெல்லாம் விருந்தாளிகள் வந்தால் பேப்பரை விரித்துப் பின்னால் ஒளிந்துகொள்கிறார். யாராவது ஏதாவது கேட்டுவிடுவார்களே. நான் மத்தியானமே சந்தில் புகுந்து பெட்டியின் பின்பக்கத்தைக் கிழித்து ஒயர் மாட்டி, நடு ஸ்பீக்கரைச் செட்டியாருக்குப் பின்னால் வேஷ்டி மடிப்பில் நிறுத்தியிருந்தேன். டேப்பில் இருந்தது என் குரலும் மேஷோ குரலும். மேஷோவுக்கு நாலு நாள் தமிழ் சொல்லிக் கொடுத்தேன்.

நாகலட்சுமி மாமி பாட்டை முடித்ததும், ஜன்னல் பக்கமிருந்து ஸ்விட்சைத் தட்டினேன். செட்டிச்சி பேசினாள்:

"ஏங்க, வருஷா வருஷம் இதே துவரம்பருப்பைப் பரப்பி வெச்சுட்டு உக்காந்திருக்கீங்களே, ஒருத்தராவது வாங்கினாங்களா?"

செட்டியார் (மேஷோவின் தமிழில், 'கே' என்றால் 'யார்'): "கே வாங்குவா? ஒல்லாரும் வந்து ஷுண்டல் வாங்கிட்டுப் போறா!"

மாஷிமா, "ஓ மா!" என்று எழுந்தே விட்டாள். நாகலட்சுமி மாமி குங்குமச் சிமிழை அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறாள். ஒருத்தரும் சிரிக்கவில்லை, திகைப்பு. அந்த நிசப்தத்தில் மூலையிலிருந்து ஒரு சிரிப்பு.

அப்பா, மாமா.

யார் முகத்தையும் பார்க்கவில்லை. பேப்பர் மடியில் விழுந்து கிடக்கிறது. வயிறு குலுங்க அவர்தான் முதலில் சிரித்தார். அதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் சிரித்தார்கள்.

அம்மா சுண்டல் பாத்திரத்தோடு நடுக்கூடத்தில் நின்றுவிட்டாள். செட்டியாரைப் பார்க்கவில்லை, அப்பாவையே பார்த்தாள். அப்புறம் அத்தனை சுமங்கலிகளையும் விட்டுவிட்டு நேரே போய் முதல் சுண்டலை அப்பா கையில் கொடுத்தாள். நாகலட்சுமி மாமியின் புருவம் இன்னும் கீழே இறங்கவில்லை.

செட்டியார் அடுத்து மாப்பிள்ளை பொம்மையிடம் கடன் பாக்கி கேட்டார், நாதஸ்வரக்காரருக்குத் தொண்டைக்கட்டு என்றார். அப்பா ஒவ்வொன்றுக்கும் சிரிக்கிறார். திடீரென்று, டக். சத்தம் நின்றுவிட்டது. நான் ஸ்விட்சைத் தட்டுகிறேன், ஒன்றுமில்லை. பெட்டியைத் தொட்டால் தோசைக்கல்.

அப்போது அப்பா கேட்டார்: "ஏன் நிறுத்திட்டேள்? அப்புறம் செட்டியார் என்ன சொன்னார்?"

சத்தம் வந்தது தெரிந்ததைவிட, நின்றது அவருக்குத் தெரிந்ததே, அதுதான் மாமா எனக்குப் பெரிசு. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சந்திலேயே கொஞ்ச நேரம் நின்றேன். வெளியே வந்ததும் அம்மா காதைத் திருகினாள். என் காதை.

எல்லாவற்றையும் சொன்னேன். நீ பணம் அனுப்பினது, மீன் செவுள், ஷஷ்டி கெடு. மறுநாள் காலை ஷஷ்டி. ரிசீவர் கோளாறா, சூடா, தெரியாது. கோளாறென்றால் அன்றைக்கே பிமல்தாவிடம் கொண்டுபோக வேண்டும். நான் கேட்கவே இல்லை, அம்மா தானாகக் குளித்துவிட்டு வந்து கொலு முன்னால் நின்றாள்.

"ஒரு பொம்மையைப் படுக்க வெச்சு நமஸ்காரம் பண்ணிட்டு எடுத்துடலாம். அம்பாள் கோச்சுக்க மாட்டா. கோச்சுண்டா என்கிட்ட கோச்சுக்கட்டும்."

"ஏன்டி பட்டு, நவராத்திரி நடுவுலயா?" என்றார் அப்பா.

"நீங்கோ சிரிச்சு எத்தனை நாளாச்சு!" என்று கத்தினாள். மூன்றாம் மாடிக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

அம்மா செட்டிச்சியைக் கையில் எடுத்துவிட்டாள். வாசலில் மணி. தந்திக்காரர்! உன் தந்தியை வாங்கி நான் உரக்கப் படித்தேன். "சூடேறினால் தானே அணைந்துவிடும். அது கோளாறு அல்ல." அம்மா செட்டிச்சியைச் செட்டியார் பக்கத்தில் பழையபடி உட்கார வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"வேண்டாம்" என்று எச்சரிக்க நீ அனுப்பின தந்தி நடந்து முடிந்த பிறகு வந்து, இன்னொரு காரியத்தைச் சரியாகச் செய்துவிட்டது. உன் தீவுக் கடலை இனி திட்டமாட்டேன்.

இப்போது வேஷ்டியைப் பின்னால் தூக்கிக் கட்டி, மேஷோவின் மேஜை விசிறியைச் சந்தில் வைத்திருக்கிறோம். செட்டியாருக்குத் தினமும் இரண்டு காட்சி.

அக்ஷரா

*

கல்கத்தா
6.10.2003

சி. அனந்துவுக்கு வெங்கட்ராமனின் ஆசீர்வாதம்.

இவ்விடம் சௌக்கியம். அவ்விடத்துச் சௌக்கியத்துக்கு எழுதவும். நான் உனக்குக் கடிதம் எழுதி நாளாயிற்று. கடிதத்தில் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை என்பது இத்தனை நாள் தோன்றாமல் போனது ஆச்சரியம்.

கொலு நேற்று இரவு முடிந்தது. பெட்டியை இன்று வெளியே எடுத்தோம். உன் மருமாள் எனக்கு இது பெரிய ஆச்சரியம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவளிடம் சொல்லாதே. "பழைய பாடப் புத்தகங்கள்" வந்து இறங்கிய அன்றே எனக்குச் சந்தேகம். அவள் புத்தகத்தை அவ்வளவு பத்திரமாகத் தூக்கி நான் பார்த்ததில்லை. உடன் முகர்ஜி வேறு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு உன் மேல் கோபம் இல்லை. அன்றைக்கு இருந்தது, இரண்டு நாள். அப்புறம் போனில் உன் குரல், தூரத்தில் யாரோ பட்டாணி வறுக்கிற மாதிரி கேட்டது. என்ன பேசினாய் என்று தெரியாமல் என்ன பதில் சொல்வது? பட்டுவிடம் கொடுத்துவிடுவேன். கோபம் என்று நீ நினைத்தது எனக்குச் சௌகரியமாகவும் இருந்தது. கோபக்காரன் என்றால் ஒரு மரியாதை. மற்றதற்கு அது இல்லை என்று நினைத்தேன்.

செட்டியார் பேச்சைக் கேட்ட பிறகு அப்படித் தோன்றவில்லை. லக்ஷ்மி பூஜை கழிந்ததும் காது டாக்டரிடம் போகிறேன். பட்டுவும் முகர்ஜியும் கூட வருகிறார்களாம். ஒரு காதுக்கு இத்தனை கூட்டம்.

லீவுக்கு எங்கே போவதென்று இனி யோசிக்காதே. இலையைப் பாதியில் விட்டவன் நான். உன்னோடு உட்கார்ந்து மிச்சத்தைச் சாப்பிட வேண்டும்.

அன்புடன்
வெங்கட்ராமன்

*

டிக்லிபூர் வழி
19.10.2003

சி. அக்ஷராவுக்கு,

ஆசீர்வாதம். அத்திம்பேருக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். அதில் என்ன என்று கேட்காதே. உனக்குத் தெரியாத இரண்டு விஷயம் உலகத்தில் இருக்கட்டும்.

உனக்கு ஒரு வேலை. சாந்தினி சௌக்கில் டெலிபோன் பிக்கப் என்று கேள். ரப்பர் மூடி மாதிரி சின்ன வில்லை, ஒரு ஒயர். ஒரு சினிமா டிக்கெட் விலைதான், பட்டுஜெட் தாங்கும். அதைப் போனின் காதுப்பக்கம் ஒட்டவை. ஒயரின் மறுமுனையை, ரிசீவர் பின்னால் கிராமபோனுக்கு என்று இருக்கும் துளையில் செருகு. போனில் வரும் குரல் நடு ஸ்பீக்கரில் கேட்கும். ஊளையிட்டால் போனைத் தள்ளி வை.

நவம்பர் ஒன்பது ஞாயிறு காலை பத்து மணிக்குப் பேசுகிறேன். போனை அக்கா எடுக்க வேண்டாம்.

லீவு கிடைத்துவிட்டது. டிசம்பரில் கப்பல்.

அனந்து மாமா

*

கல்கத்தா
9.11.2003, மத்தியானம்

அன்புள்ள மாமா,

நமஸ்காரம். நீ போனை வைத்து இன்னும் சாப்பாடுகூட ஆகவில்லை, எழுத உட்கார்ந்துவிட்டேன். நீ கேட்டது பாதி. பார்க்காதது மீதி.

டாக்டர் விஷயம் உனக்குத் தெரியும். இடது காதுக்கு மெஷின் எழுதிக் கொடுத்திருக்கிறார், அடுத்த வாரம் வரும். அப்பா, "அதுவும் மோந்து பார்த்துத்தான் வாங்கணும்" என்கிறார். என் ஜோக்கை என்னிடமே திருடுகிறார்.

ஒன்பது மணிக்கே சட்டை போட்டுக்கொண்டு போன் முன்னால் உட்கார்ந்துவிட்டார். அம்மா இந்தப் பக்கம். மேஷோவும் மாஷிமாவும் ஸ்டூலில். நம் வீட்டில் இப்போது இரண்டு ரிசீவர், ஒன்றின் காதை இன்னொன்றோடு கட்டிவிட்டிருக்கிறேன். மணி அடித்தது. அப்பா எடுத்தார். முதலில் ஒரு ஊளை, மாஷிமா ராம ராம என்றாள், நான் ஸ்பீக்கரைத் திருப்பினேன். அப்புறம் கூடம் முழுக்க நீ.

நீதான் மெதுவாகப் பேசிக் கெட்டவனாயிற்றே, அதனால் இந்தத் தடவை தொண்டை கிழியக் கத்தினாய். "அத்தி... ம்பேர்! நான்... அனந்து! கேக்கறதா?" செட்டியார் இருந்திருந்தால் படியிலிருந்து குதித்திருப்பார்.

அப்பா சொன்னது உனக்குக் கேட்டிருக்கும். "ஏன்டா கத்தறே? எனக்கென்ன, காதா கேக்கலை?"

நீ அங்கே பூத்தில் சிரித்தது இங்கே கூடத்தில் கேட்டது. அப்பாவுக்கும் கேட்டது. அப்புறம் இருபது நிமிஷம் இரண்டு பேரும் என்ன பேசினீர்கள்? கப்பல், கடல், இலிஷ் மீன் (அதை மேஷோ குறுக்கே புகுந்து கேட்டார்), மறுபடி கப்பல். ஒரு உருப்படியான விஷயம் இல்லை. அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை, உன் அக்கா! முந்தானையைத் திருகிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் அப்பாவே அவளிடம் போனை நீட்டி, "இரு, பட்டு வரா" என்றாரே, அதற்கு எல்லாரும் ஏன் அப்படிச் சிரித்தோம் என்று மேஷோவுக்கு நான் இப்போதுதான் விளக்கிவிட்டு வருகிறேன்.

நீ பார்க்காதது இதுதான். நீ வைத்த பிறகு ஸ்பீக்கரில் டூ, டூ, டூ என்று கட்டான சத்தம். நான் அணைக்கப் போனேன். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, கச்சேரி கேட்பதுபோல் தொடையில் தாளம் போட்டுக் கொஞ்ச நேரம் அதையே கேட்டார்.

"இருக்கட்டும்டி, இதுவும் நன்னாத்தான் இருக்கு."

மாமா, கீழ்வீட்டுக் குடை இன்று ஆணியில் தொங்குகிறது. நண்டுகளிடம் விடைபெற்றுக்கொண்டு சீக்கிரம் கப்பலேறு. உன் இலை போட்டாயிற்று.

அக்ஷரா